‘இன்னும் 200 மீட்டரில் இடதுபக்கம் திரும்பவும்!’ - கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா? ஓசூர் முதல் வெளிநாடு வரை... கார் நேவிகேஷன் கைடு!

மொபைல் மேப்பில் ‘ஓசூர்’ என்று தேடினால், சிப்காட் இருக்கும் ஓசூர் மட்டும்தான் வரும் என்று நினைக்க வேண்டாம். கன்னடத்தில் ‘ஹொச ஊரு’ என்றால் புது ஊர். அந்தப் பெயரில் கர்நாடகாவில் பல கிராமங்கள் இருக்கின்றன. பெங்களூரில் ‘ஓசூர் ரோடு’ வேறு இருக்கிறது. அவசரத்தில் தவறான பெயரைத் தொட்டுவிட்டால், கார் வேறு ஏதோ ஓர் ஓசூருக்குப் போய் நிற்கும். கூடவே 635109 என்று பின்கோடையோ, கிருஷ்ணகிரி என்று மாவட்டப் பெயரையோ சேர்த்துத் தேடினால் பிரச்னை தீர்ந்தது.

இது உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும். வடமாநிலத்திலிருந்து முதல்முறை லோடு ஏற்றி வரும் லாரி டிரைவருக்கும், தொழிற்சாலையில் வேலைக்குச் சேர வரும் இளைஞருக்கும் எப்படித் தெரியும்?

ஓசூரிலிருந்து ஜெர்மனிக்கோ, ஜப்பானுக்கோ, பிரிட்டனுக்கோ வேலைக்குப் போகும் பிள்ளைகளின் நிலைமையும் இதேதான். ஊர் புதிது, மொழி புதிது, சாலை விதிகளும் புதிது. கையில் இருக்கும் நேவிகேஷனை நம்பித்தான் ஸ்டீயரிங்கைப் பிடிக்க வேண்டும். அப்படியானால் எந்தக் கருவியை வாங்குவது, அதை எவ்வளவு தூரம் நம்புவது?

நம்பிப் போனவர்களுக்கு நடந்தது என்ன?

2024 ஜனவரியில் ஊட்டிக்குச் சுற்றுலா வந்துவிட்டு கர்நாடகாவுக்குத் திரும்பிய நண்பர்கள் குழு ஒன்று, கூடலூரில் நேவிகேஷன் காட்டிய வழியில் காரைத் திருப்பியது. கொஞ்ச தூரத்தில் சாலை முடிந்து, செங்குத்தான படிக்கட்டு வந்துவிட்டது. கார் அதிலேயே சிக்கிக்கொள்ள, போலீஸாரும் ஊர்மக்களும் சேர்ந்து மீட்டார்கள். நல்லவேளையாக யாருக்கும் பாதிப்பு இல்லை.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. 2023 அக்டோபர் 1-ம் தேதி, கொச்சி அருகே கோதுருத்து பகுதியில் நள்ளிரவு தாண்டிய நேரம். கொட்டும் மழையில் சென்ற கார் ஒன்று ஆற்றுக்குள் பாய்ந்தது. காரில் இருந்த இளம் டாக்டர்கள் இருவர் உயிரிழந்தார்கள். மற்ற மூவர் மீட்கப்பட்டார்கள். திரும்ப வேண்டிய இடத்தைத் தவறவிட்டு நேராகச் சென்றிருக்கலாம் என்று போலீஸ் தரப்பில் சொல்லப்பட்டது.

2024 நவம்பரில் உத்தரப்பிரதேச மாநிலம் பரேலி அருகே நடந்தது இன்னும் கொடுமை. ராம்கங்கா ஆற்றுப் பாலத்தின் ஒரு பகுதியை அதற்கு முன்பே வெள்ளம் அடித்துச் சென்றிருந்தது. மேப்பில் அந்த மாற்றம் ஏறவில்லை. சாலையிலும் முறையான தடுப்பு இல்லை. நேவிகேஷனைப் பார்த்து வந்த கார் பாலத்திலிருந்து கீழே விழுந்து, மூன்று பேர் உயிரிழந்தார்கள்.

இந்தச் சம்பவங்களைப் படித்ததும், ‘ஜி.பி.எஸ் தப்பு பண்ணிடுச்சு’ என்றுதான் சட்டெனச் சொல்லத் தோன்றும். ஆனால், தவறு பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால், நல்ல கருவியைத் தேர்ந்தெடுப்பதும் எளிதாகிவிடும்.

வானத்தில் சுற்றும் கடிகாரங்கள்!

டாடா குழுமமும் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டன் நிறுவனத்தால், வாட்ச் தயாரிக்கும் ஊர் என்று பெயரெடுத்தது ஓசூர். நேவிகேஷனின் அடிப்படையும் ஒரு கடிகாரம்தான்.

அமெரிக்காவின் ஜி.பி.எஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் உண்டு. ‘இப்போது மணி இவ்வளவு, நான் இருப்பது இந்த இடம்’ என்று அவை இடைவிடாமல் சிக்னல் அனுப்புகின்றன. அந்த சிக்னல் வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்து, நம் போன் தூரத்தைக் கணக்கிடுகிறது. நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னல் கிடைத்தால், நிற்கும் இடம் தெரிந்துவிடும். கடிகாரத்தில் ஒரு நொடியின் 10 லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால்கூட, தூரக் கணக்கு 300 மீட்டர் தவறிவிடும்.

இந்தியாவின் சொந்த ஏற்பாடான ‘நாவிக்’ இந்தப் பாடத்தை நேரடியாகவே கற்றது. 2013 ஜூலையில் ஏவப்பட்ட அதன் முதல் செயற்கைக்கோளில் இருந்த மூன்று அணுக் கடிகாரங்களும் பிறகு பழுதாகின. அவை வெளிநாட்டிலிருந்து வாங்கப்பட்டவை. 2023 மே 29-ல் ஏவப்பட்ட என்.வி.எஸ்-01 செயற்கைக்கோளில் உள்நாட்டிலேயே தயாரான அணுக் கடிகாரத்தை இஸ்ரோ வைத்து அனுப்பியது. நாவிக்குக்கான இஸ்ரோவின் வழிநடத்தல் மையம், பெங்களூரு அருகே பயலாலுவில் இருக்கிறது. ஆனால், நாவிக்கின் எல்லை இந்தியாவும் அதைச் சுற்றி 1,500 கி.மீ வரையும்தான். இலங்கைக்குப் போனால் உதவும். ஜெர்மனிக்குப் போனால் உதவாது. அங்கே ஜி.பி.எஸ்ஸும் ஐரோப்பாவின் கலிலியோவும் கைகொடுக்கும். இன்றைய போன்கள் பலவற்றை ஒரே நேரத்தில் பயன்படுத்துவதால், இதை நினைத்துக் கவலைப்படத் தேவையில்லை.

திறந்தவெளியில் ஒரு சாதாரண போன் சுமார் 5 மீட்டர் துல்லியத்தில் இடத்தைச் சொல்லிவிடும். அந்த 5 மீட்டரில்தான் ஒரு வில்லங்கமும் இருக்கிறது. ஓசூரில் தேசிய நெடுஞ்சாலையும் சர்வீஸ் ரோடும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. மேம்பாலத்தின் மேலே போகிறோமா, கீழே போகிறோமா என்று கருவி குழம்பும். ‘ரூட் மாற்றப்படுகிறது’ என்று அது தடுமாறினால், காரணம் இதுதான்.

ரோடு பழசில்லை... மேப்தான் பழசு!

செயற்கைக்கோள் சொல்வது, ‘நீ இங்கே நிற்கிறாய்’ என்பதை மட்டும்தான். எந்தப் பக்கம் ரோடு போகிறது, பாலம் இருக்கிறதா, அது ஒருவழிப் பாதையா என்பதெல்லாம் மேப்பில் மனிதர்கள் சேர்க்கும் தகவல். அது பழசானால், இடம் சரியாக இருந்தும் வழி தப்பாகிவிடும்.

இதற்குக் கிருஷ்ணகிரியைவிட நல்ல உதாரணம் இல்லை. பெங்களூரு, சேலம், சென்னை, புதுச்சேரி என்று நான்கு பக்கமும் நெடுஞ்சாலைகள் பிரியும் ஊர் அது. 2010-ல் நாடு முழுக்கத் தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் புது எண் கொடுத்தபோது, சேலம் போகும் 7-ம் எண் சாலை 44 ஆனது. சென்னை ரூட்டில் ராணிப்பேட்டை வரையிலான 46-ம் எண் சாலை 48-ன் பகுதியானது. திருவண்ணாமலை வழியாகப் புதுச்சேரி போகும் 66-ம் எண் சாலையின் பெரும்பகுதி 77 ஆனது. பழைய 66 என்ற எண், மும்பைப் பக்கமிருந்து கோவா, மங்களூரு, கேரளா வழியாகக் கன்னியாகுமரி வரும் மேற்குக் கடற்கரைச் சாலைக்குப் போய்விட்டது!

பல ஆண்டுகளாக அப்டேட் செய்யாத கருவி, ‘66-ம் எண் சாலையில் செல்லவும்’ என்று சொன்னால், டிரைவர் பலகையில் அந்த எண்ணைத் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அதனால், கருவி வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘மேப் அப்டேட் எத்தனை வருஷத்துக்குக் கிடைக்கும், அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டுமா?’ என்பதுதான்.

எந்தக் கருவி யாருக்கு?

* மொபைல் ஆப்: அப்டேட் வேகமாக வரும், டிராஃபிக் நெரிசலும் தெரியும். கூகுள் மேப்ஸில் 2018 முதல் தமிழ்க் குரலும் இருக்கிறது. குறை என்றால், வெயிலில் போன் சூடாகும், பேட்டரி இறங்கும், நடுவில் கால் வந்து தொந்தரவு செய்யும்.

* ஆண்ட்ராய்டு ஆட்டோ, ஆப்பிள் கார்பிளே: போனில் இருக்கும் மேப் கார் ஸ்கிரீனில் தெரியும். போனைக் கையில் எடுக்கும் வேலை இல்லை. புதிய ஊரில் பெரும்பாலானோருக்கு ஏற்றது இதுதான்.

* காரோடு வரும் நேவிகேஷன்: சுரங்கப்பாதையில் சிக்னல் போனாலும், சக்கரம் சுற்றுவதை வைத்துக் கணக்கிட்டு வழிகாட்டும் கார்கள் உண்டு. ஆனால், மேப் அப்டேட்டுக்குக் கட்டணம் இருக்கலாம்.

* தனிக் கருவி (கார்மின், டாம்டாம் போன்றவை): மேப் உள்ளேயே இருப்பதால் டேட்டா தேவையில்லை. நெட்வொர்க் கிடைக்காத நீண்ட சாலைகளில் ஓட்டுபவர்களுக்கு நல்லது. எந்த நாட்டு மேப் உள்ளே இருக்கிறது என்று பார்க்காமல் வாங்கக் கூடாது. லாரி ஓட்டுபவர்கள் லாரிக்கென்றே இருக்கும் மாடலை வாங்க வேண்டும். கார் கருவிக்குப் பாலத்தின் உயரமும் எடை வரம்பும் தெரியாது.

இலங்கைத் தமிழர்களுக்கு இந்த நாட்டு மேப் விவகாரம் நன்றாகத் தெரியும். ஜப்பானிலிருந்து இறக்குமதியாகும் பயன்படுத்திய கார்களில் ஸ்கிரீன் பளபளவென்று இருக்கும். ஆனால் பேசுவது ஜப்பானிய மொழி, உள்ளே இருப்பது ஜப்பான் மேப். கடைசியில் டேஷ்போர்டில் போனை மாட்டித்தான் ஓட்ட வேண்டியிருக்கும்.

நாட்டுக்கு நாடு மாறும் விதிகள்

ஊரில் நன்றாக வேலை செய்த ஆப்பை அப்படியே விமானம் ஏற்றிக் கொண்டுபோனால் போதாது.

* பிரிட்டன்: ஓட்டும்போது போனைக் கையில் பிடித்தால் 200 பவுண்டு அபராதம், 6 பெனால்டி பாயின்ட். லைசென்ஸ் வாங்கி இரண்டு வருடத்துக்குள் 6 பாயின்ட் சேர்ந்தால், லைசென்ஸே போய்விடும். ஸ்டாண்டில் மாட்டி, கிளம்பும் முன்பே முகவரியைப் போட்டுவிட வேண்டும்.

* ஜெர்மனி: வேகக் கேமரா எங்கே இருக்கிறது என்று எச்சரிக்கும் வசதியை ஓட்டுநர் பயன்படுத்துவது சட்டவிரோதம். சுவிட்சர்லாந்திலும் இதில் கடுமை காட்டுவார்கள். ஆப்பில் அந்த வசதியை அணைத்துவிட்டே கிளம்ப வேண்டும்.

* ஜப்பான்: முகவரி முறையே வேறு. அதனால் கார் நேவிகேஷனில் போக வேண்டிய ஹோட்டலின் போன் நம்பரையோ, ‘மேப்கோட்’ எனப்படும் எண்ணையோ அடித்தால் போதும், வழி வந்துவிடும்.

* தென்கொரியா: துல்லியமான மேப் தகவலை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக அங்கே கட்டுப்பாடு இருந்ததால், பல ஆண்டுகளாகக் கூகுள் மேப்ஸில் கார் வழிகாட்டல் கிடைக்கவில்லை. உள்ளூர்க்காரர்கள் நேவர் மேப், காகாவோ, டிமேப் ஆகியவற்றைப் பயன்படுத்துகிறார்கள்.

* சீனா: கூகுள் சேவைகள் தடை செய்யப்பட்ட நாடு. அங்கே மேப்புகளில் இடக்குறியீட்டையே சற்றுத் தள்ளிக் காட்டும்படி விதி இருக்கிறது. உள்ளூர் ஆப்தான் சரிப்படும்.

கிளம்பும் முன் ஐந்து நிமிடம்

‘டேட்டா இல்லைன்னா ஜி.பி.எஸ் வராது’ என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. செயற்கைக்கோள் சிக்னலுக்கு நெட் தேவையில்லை. மேப் படத்துக்குத்தான் தேவை. வெளிநாட்டில் சிம் வாங்கும் முன்பே, வீட்டு வைஃபையில் அந்த ஊரின் மேப்பை ஆஃப்லைனில் இறக்கி வைத்துக்கொண்டால், ஏர்போர்ட்டிலிருந்தே வழி தெரியும். டிராஃபிக் நிலவரம் மட்டும் தெரியாது.

முழு ரூட்டையும் ஒருமுறை விரலால் நகர்த்திப் பாருங்கள். மெயின் ரோட்டைவிட்டு, மெல்லிய கோடாகத் தெரியும் சந்துக்குள் மேப் நுழைந்தால் உஷார்! ஐந்து நிமிடம் மிச்சம் பிடிக்க அது குறுக்குவழி காட்டுகிறது என்று அர்த்தம். மழையோ, இரவோ என்றால் பெரிய சாலையே போதும்.

வீட்டுக்கும் ஆபீஸுக்கும் நன்கு தெரிந்த ரூட்டில் ஒரு வாரம் கருவியைச் சோதித்துப் பார்க்கலாம். தெரிந்த வழியிலேயே அது உளறினால், தெரியாத வழியில் அதை நம்பி என்ன பயன்?

ஸ்கிரீனில் ரோடு தெரிந்து, கண்ணுக்குத் தண்ணீரோ தடுப்போ தெரிந்தால், கண் சொல்வதைத்தான் கேட்க வேண்டும். வண்டியை நிறுத்தி, டீக்கடையில் ஒரு வார்த்தை கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. இந்த மாத மழையில் எந்தப் பாலம் உடைந்தது என்பது அந்த டீக்கடைக்காரருக்குத்தான் முதலில் தெரியும்.

பிரிட்டனில் 2017 டிசம்பர் முதல், டிரைவிங் டெஸ்ட்டிலேயே நேவிகேஷனைப் பார்த்து ஓட்டும் பகுதியைச் சேர்த்திருக்கிறார்கள். அதில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. கருவி சொன்ன வழியைவிட்டு வேறு வழியில் போய்விட்டால் மார்க் குறையாது. திருப்பத்தைத் தவறவிட்ட பதற்றத்தில் சட்டென்று பிரேக் அடித்தாலோ, விதியை மீறித் திரும்பினாலோதான் ஃபெயில்!

ஓசூர் மேம்பாலத்திலும் இதே பாடம்தான். திருப்பம் தவறிவிட்டதா? நிதானமாக நேரே போங்கள். கருவி வேறு வழி கண்டுபிடிக்கும். பத்து நிமிடம் தாமதமானால், வீட்டில் காபி கொஞ்சம் ஆறிப்போயிருக்கும். அவ்வளவுதானே!