ஸ்ட்ரீக் உடைஞ்சா என்ன? ஆரணித் தறிகிட்ட கேட்போம்

ஹேபிட் டிராக்கர் ஆப்ல 40 நாள் தொடர்ச்சியா டிக் போட்டிருப்போம். ஒரு நாள் விட்டதும் கவுண்ட்டர் பூஜ்யம். அதோட ஆப்பையும் தூக்கிடுவோம், பழக்கத்தையும் விட்டுடுவோம். எனக்கு இது பழக்கத்தோட தோல்வியா தெரியல, அந்த ஆப்போட டிசைன் கோளாறுன்னு தோணுது.

திருவண்ணாமலை மாவட்டத்துல ஆரணி, பட்டுச்சேலைக்குப் பேர் போன ஊர். அங்க கைத்தறி எப்படி ஓடுதுன்னு பாருங்க. மிதியை மிதிச்சா பாவு இழைகள் மேலும் கீழுமா பிரியும். நடுவுல நாடா ஓடும். அச்சு வந்து ஊடை இழையை நெருக்கி அடிக்கும். ஒரு தடவைக்கு ஒரே ஒரு இழை. ஐந்தரை மீட்டர் சேலை இப்படித்தான் வளருது. ஒரு நாள் தறி நின்னா நெய்த துணி அவிழ்ந்து போறதில்ல. மறுநாள் விட்ட இடத்துலேயே உட்காரலாம்.

தெருவுல பாவை நீட்டிக் கட்டித்தான் தயார் பண்ணுவாங்க, மழை வந்தா அதுவும் நிக்கும்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல ஃபிலிப்பா லாலி குழு 96 பேரை 12 வாரம் கவனிச்சு, 2010ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. பழக்கம் தானா நடக்க ஆரம்பிக்க ஆனது, நடுவாகப் பார்த்தா 66 நாள். ஆனா ஆளுக்கு ஆள் 18ல இருந்து 254 வரைக்கும் போகுது! இடையில ஒரு நாள் தவறினது பெரிசா பாதிக்கலைன்னும் சொல்றாங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது பாவு பிணைக்கிறது. பழைய பாவு முடியும்போது அதோட நுனியை அச்சுலேயே விட்டுவெச்சு, புதுப் பாவை ஒவ்வொரு இழையா அதோட முறுக்கிச் சேர்ப்பாங்க. ஆயிரக்கணக்கான இழை! எல்லாத்தையும் முதல்ல இருந்து கோக்க வேண்டியதில்ல. லாலி ஆய்வுலயும் புதுப் பழக்கத்தை, காலை டிபனுக்கு அப்புறம்ங்கிற மாதிரி, ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒண்ணோடதான் சேர்த்தாங்க. நான் காபி டம்ளரைக் கழுவி வெச்சதும் ரெண்டு பக்கம் படிக்கிறேன். அலாரம் வேண்டியதில்ல.

ஒண்ணு சொல்லிடறேன். நெசவாளர் தினமும் தறில உட்காரறதை மோட்டிவேஷன் கதையா மாத்தாதீங்க. கூலி சேலைக் கணக்குல வருது. தறி நின்ன நாளுக்கு நம்மள மாதிரி சம்பளத்தோட லீவு கிடையாது.