தொப்பூர்ச் சரிவும் தேய்ந்த வண்டிகளும்



தருமபுரியில் ஏறிச் சேலத்திற்குச் சீட்டு வாங்கியவர், பாளையம்புதூரைத் தாண்டியதும் பேச்சை நிறுத்துகிறார். பக்கத்திலே தூங்கிக்கொண்டிருந்தவர் விழித்துக்கொள்கிறார். மடியிலே மழலையை வைத்திருக்கும் தாய், ஒரு கையால் பிள்ளையை அணைத்து, மறு கையால் முன்னிருக்கைக் கம்பியைப் பற்றிக்கொள்கிறாள். ஏன்? தொப்பூர்க் கணவாய் வந்துவிட்டது!

சிறீநகரிலே தொடங்கிக் கன்னியாகுமரியிலே முடியும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, இந்த இடத்திலேதான் மலையை விட்டு இறங்குகிறது. இறக்கம், வளைவு, மறுபடி இறக்கம், பிறகு இரட்டைப் பாலம். 2020 டிசம்பரில், நின்றிருந்த வண்டிகளின் வரிசைமீது லாரி ஒன்று பாய்ந்து நொறுக்கியது, உயிர்கள் போயின. 2024 சனவரியில் லாரிகளுக்கு நடுவே கார்கள் நசுங்கின, லாரி ஒன்று பாலத்திலிருந்து கவிழ்ந்தது, தீ எழுந்தது. மறுபடியும் உயிர்கள் போயின.

‘அவை லாரிகள் செய்த விபத்துகள் அல்லவா, அரசுப் பேருந்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு?’ என்று கேட்பார்கள். கேட்கட்டும். லாரிகள்தாம், நாம் மறுக்கவில்லை. டீசலை மிச்சப்படுத்த கியரை நியூட்ரலில் போட்டுவிட்டு இறங்கும் பழக்கம் அங்கே உண்டு. கியரில் இருக்கும் வண்டியை எஞ்சினே பாதி பிடித்து நிறுத்தும். நியூட்ரலில் போட்டால் முழுப் பாரமும் பிரேக்கின் தலையில் விழும். பிரேக் டிரம் சூடேறும். சூடேறிய பிரேக்கை மிதித்தாலும் பிடிக்காது. பட்டறையில் ஸ்பேனர் பிடித்த எந்தத் தோழரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்.

இப்போது நாம் கேட்கிறோம்: அதே சரிவிலே, அறுபது எழுபது பேரை அடைத்துக்கொண்டு, தேய்ந்த லைனிங்கோடும் தளர்ந்த ஸ்பிரிங்கோடும் ஒரு பேருந்து இறங்கினால்? ஓட்டுநர் தவறே செய்யாவிட்டாலும் வண்டி தவறு செய்யுமே!

மிகைப்படுத்துகிறோமா? 2024 பிப்ரவரியில், சென்னை அமைந்தகரையிலே, ஓடிக்கொண்டிருந்த மாநகரப் பேருந்தின் தளப்பலகை உடைந்து, பெண் பயணி ஒருவர் அந்த ஓட்டை வழியே கீழே விழுந்தார். உயிர் பிழைத்தார். அதே ஆண்டு ஏப்ரலில், திருச்சியிலே, நடத்துநர் உட்கார்ந்திருந்த இருக்கையே கழன்று, இருக்கையோடு சேர்ந்து அவர் சாலையில் வந்து விழுந்தார். உட்கார்ந்தவர் விழுகிறார், நின்றவர் விழுகிறார்! இவை நடந்தது சமதரையில். மலைச்சரிவில் அல்ல.

உடனே ஆணை பிறந்தது: 48 மணி நேரத்திற்குள் எல்லாப் பேருந்துகளையும் சோதித்து முடிக்க வேண்டும் என்று. எட்டுப் போக்குவரத்துக் கழகங்கள், சுமார் 20,000 வண்டிகள், 48 மணி நேரம்! எண்ணிப் பார்ப்பதற்கே போதாத நேரத்தில் ஏறிப் பார்ப்பது எங்ஙனம்? ஆணையிட்டதைக் குறை சொல்லவில்லை. அன்றாடம் நடக்க வேண்டிய வேலைக்கு அவசர ஆணை வேண்டியிருந்ததே, அதைச் சொல்கிறோம்.

நோய் எங்கே இருக்கிறது? வண்டியின் வயதிலே இருக்கிறது. முன்பு ஆறு ஆண்டுகள் ஓடிய பேருந்தைக் கழிக்க வேண்டும் என்பது விதி. புதிது வாங்கப் பணம் இல்லை என்றதும், அதை ஒன்பது ஆண்டுகளாக நீட்டினார்கள். தாளிலே வயதை நீட்டிவிடலாம்; இரும்பு அதை ஒப்புக்கொள்ள வேண்டுமே! தொலைதூரப் பேருந்தாக ஓடிக் களைத்தது பக்கத்து ஊர்ப் பேருந்தாகிறது. அதிலும் களைத்தது டவுன் பஸ்சாகிறது. கடைசியாக அதில் ஏறுகிறவர் யார்? கட்டட வேலைக்குப் போகும் சித்தாள், பள்ளிப் பிள்ளை, காய்க்கூடை சுமக்கும் கிழவி. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றாயிற்று. அதை ‘ஓசி’ என்று ஏளனம் செய்கிற வாய்கள், அவள் ஏறுகிற வண்டியில் கூரை ஒழுகுவதைப் பற்றி ஒரு சொல் சொல்வதில்லை. இலவசம் என்பதற்காக உயிரையும் மலிவாக எண்ணிவிடலாமா?

2023 ஆகஸ்டில் மஞ்சள் வண்ணப் பேருந்துகள் நூறு புறப்பட்டன. பார்ப்பதற்குப் புதுப்பெண் போலத்தான் இருந்தன. ஆனால் புதியது பாடி மட்டுமே. அடியிலே இருந்த சேசிசும் எஞ்சினும் பழையவை. இதை மோசடி என்று நாம் கூற மாட்டோம். பழைய வண்டியைச் செப்பனிடுவது பாவமல்ல. லண்டன் மாநகரை ஒட்டி, ஆல்டன்ஹாம் என்ற இடத்திலே, பெரும் பணிமனை ஒன்று 1986 வரை இருந்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு பேருந்தையும் அங்கே கொண்டுவந்து, பாடியைத் தனியே தூக்கி, சேசிசைத் தனியே பிரித்து, தேய்ந்ததை எல்லாம் மாற்றிப் பூட்டி அனுப்பினார்கள். அதனால்தான் 1950-களிலே வடிவமைத்த சிவப்பு இரட்டைமாடிப் பேருந்து வகை, 2005 டிசம்பர் வரை அந்நகரின் வழக்கமான தடங்களில் ஓட முடிந்தது. அங்கே அடிப்பாகத்தைப் பார்த்தார்கள். வண்ணம் பிறகு வந்தது. இங்கே மஞ்சள் பூசியபோது, அடியிலே எதெதை மாற்றினார்கள் என்று பயணிக்கு யார் சொன்னார்கள்?

புதிய வண்டிகள் வரவேயில்லையா? வருகின்றன, மறைப்பானேன்! செருமனி வளர்ச்சி வங்கியோடு 2019-லே கடன் ஒப்பந்தம் ஆயிற்று. மாற்றுத்திறனாளிகள் ஏற முடியாத உயரப் படிக்கட்டோடு வாங்காதே என்று வழக்கு வந்தது. நியாயமான வழக்கு, முதலிலேயே யோசித்திருக்க வேண்டியது. 2024-லே சென்னையில் தாழ்தளப் பேருந்துகள் வந்தன. 2025 சூன் 30-லே வியாசர்பாடியில் 120 மின்சாரப் பேருந்துகளும் புறப்பட்டன. 2025-26 வரவு செலவுத் திட்டத்திலே 1,125 மின்சாரப் பேருந்துகள் என்றார்கள். சென்னைக்கு 950. மதுரைக்கு 100. கோவைக்கு 75. கூட்டிப் பாருங்கள் தோழர்களே, கணக்கு முடிந்துவிட்டது! தருமபுரி அந்தக் கூட்டலில் இல்லை.

தலைநகரத்தார்மீது நமக்குப் பொறாமை இல்லை. அங்கே புகை அதிகம், கூட்டம் அதிகம். நாம் கேட்பது, பகிர்ந்தளிக்கும்போது எதைப் பார்த்து அளிக்கிறீர்கள் என்பதுதான். மக்கள் தொகையை மட்டுமா? மலையையும் பார்க்க வேண்டாமா? தருமபுரி மாவட்டத்து வத்தல்மலை, அரசுப் பேருந்தைக் கண்டதே 2022-லேதான். அந்த மலைக்கும் தொப்பூர்ச் சரிவுக்கும் போகிற வண்டி எது? நல்ல பிரேக் உள்ள வண்டி சமதரைக்கும், நாளெண்ணும் வண்டி மலைக்கும் என்றால், அது என்ன பங்கீடு?

‘எல்லாவற்றையும் தனியாரிடம் கொடுத்துவிடுங்கள்’ என்று ஒரு குரல் கேட்கிறது. பழைய பாட்டு! 1972-லே மதுரை டி.வி.எஸ். பேருந்துகள் பாண்டியன் கழகமாயின. கோவை ஆனைமலைஸ் பேருந்துகள் சேரன் கழகமாயின. அடுத்த ஆண்டு சேலத்திலே அண்ணா பெயரில் கழகம். 1987-லே தருமபுரிக்கு அன்னை சத்யா கழகம். 1997-லே பெயர்கள் போய், எல்லாம் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்றாயின. (டி.வி.எஸ். பேருந்து வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டோம் என்று மதுரைப் பெரியவர்கள் சொல்வதுண்டு. வண்டியைப் பேணுவதில் அவர்களைப் பாராட்ட நமக்குத் தயக்கமில்லை.) ஆனால் நாட்டுடைமை எதற்காக? இலாபம் தராத ஊருக்கும் கடைசி நடை போக வேண்டும் என்பதற்காக. ஐந்து பேருக்காக இரவு பத்து மணிக்கு எந்த முதலாளி மலையேறுவார்?

பணம்? ஆம், பணம்தான் முட்டுக்கட்டை. 15 ஆண்டு கடந்த அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்கக் கூடாது என்று 2023 ஏப்ரல் முதல் டெல்லி விதித்தது. நல்ல விதி, வரவேற்கிறோம். ஆனால் விதி டெல்லியுடையது, வண்டி வாங்கும் கடன் நம்முடையது! பழையதை உடைத்தால் ஊக்கத்தொகை என்று ஒரு கிள்ளு கிடைத்தது. டீசல் மீது டெல்லி வாங்கும் வரியிலே பெரும்பகுதிக்கு மேல்வரி என்று பெயர் சூட்டி, மாநிலங்களுக்குப் பங்கில்லாமல் செய்துவிட்டார்கள். நம் பேருந்து குடிக்கும் டீசலில் அவர்கள் எடுப்பது அள்ளி, தருவது கிள்ளி.

இங்கேயும் வீண் உண்டு. விபத்து நட்ட ஈட்டைக் காலத்தில் கட்டாமல் விட்டு, நிலையத்திலே நின்ற பேருந்தை நீதிமன்ற ஊழியர் ஜப்தி செய்து ஓட்டிப்போன செய்தியை எத்தனை முறை படித்திருக்கிறோம்! காலியிடங்களை நிரப்பு என்பது 2024 சனவரி வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் ஒன்று. புது வண்டி ஆயிரம் வாங்கினாலும், கீழே படுத்துப் போல்ட்டை முறுக்க ஆள் இல்லையென்றால், மூன்றே ஆண்டில் அதுவும் கிழடு தட்டிவிடும்.

ஆகவே நாம் கேட்பது பெரிதல்ல. தொப்பூர்ச் சரிவில் இறங்கும் தடங்களுக்கும், வத்தல்மலை போன்ற மலைத் தடங்களுக்கும், கழகத்தின் புதிய வண்டிகள் முதலில் வரட்டும். ‘பிரேக் சரியில்லை’ என்று எழுதிக் கொடுக்கும் ஓட்டுநரை, வண்டியை எடுக்க மறுத்தவர் என்று தண்டிக்காமல் இருக்கட்டும். ஒவ்வொரு பேருந்திலும், திருக்குறள் பலகைக்குப் பக்கத்திலே, இன்னொரு சிறு பலகை தொங்கட்டும்: வண்டி தடத்துக்கு வந்த ஆண்டு, கடைசியாகப் பிரேக் லைனிங் மாற்றிய நாள், தகுதிச் சான்று முடியும் நாள். தருமபுரிப் பணிமனையிலேயே இது தொடங்கட்டும். படித்தவர் படித்துப் பார்த்து ஏறட்டும்; படிக்கத் தெரியாத மூதாட்டிக்கு நடத்துநர் படித்துச் சொல்லட்டும்.