காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும்

தில்லியில் பகலில் வேலை, இரவில் படிப்பு என்று ரெயில்வே, வங்கிப் பரீட்சைகளுக்குத் தயாராகும் தமிழ் இளைஞர்களை மடக்கிப்போடும் கணக்கு ஒன்று உண்டு. விமானம் காற்றோடு போகிறது. காற்றை எதிர்த்துத் திரும்புகிறது. விமானத்தின் வேகம் என்ன, காற்றின் வேகம் என்ன? விமானத்துக்குப் பதில் படகும், காற்றுக்குப் பதில் ஆறும் வரலாம். கணக்கு ஒன்றுதான். அல்ஜீப்ரா என்றதும் பலர் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். துணிச்சல்காரர்கள் அவசரமாக விடை போட்டு, கையில் இருக்கும் மார்க்கையும் இழக்கிறார்கள்.

ஆடிக் காற்றில் தென்காசிப் பக்கம் சைக்கிள் மிதித்தவருக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். காற்று முதுகில் இருந்தால் வண்டி தானாக ஓடும். முகத்தில் அடித்தால் எழுந்து நின்று மிதிக்க வேண்டும். அதாவது, பின்காற்றைக் கூட்டு, எதிர்காற்றைக் கழி.

தில்லிக்கும் கொல்கத்தாவுக்கும் வான்வழித் தூரம் சுமார் 1,300 கிலோமீட்டர். வகுக்கத் தோதாக 1,260 என்று வைத்துக்கொள்ளலாம். போக 1 மணி 24 நிமிடம். திரும்பி வர 1 மணி 48 நிமிடம். அப்படியானால் போன வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர். வந்த வேகம் 700. விமானத்தின் சொந்த வேகம் 'வி', காற்றின் வேகம் 'கா' என்றால்,

வி + கா = 900
வி − கா = 700

இரண்டையும் கூட்டினால் காற்று அடிபட்டுப் போகும். இரண்டு 'வி' 1,600. விமானத்தின் வேகம் 800, காற்றின் வேகம் 100. தீர்ந்தது.

இது வெறும் புத்தகக் கதை அல்ல. குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கு மேலே, விமானங்கள் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காகப் பலத்த காற்று ஓடுகிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் என்பது அந்தக் காற்றுக்குச் சாதாரணம்.

பொறி எங்கே?

போகவர சராசரி வேகம் என்ன என்று கேட்பார்கள். 900, 700 இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி 800 என்று குறிப்பவரே அதிகம். அந்த 800 விடைகளில் ஒன்றாகத் தயாராகக் காத்திருக்கும்! மொத்தத் தூரம் 2,520 கிலோமீட்டர். மொத்த நேரம் 3 மணி 12 நிமிடம். வகுத்தால் 787.5தான் வரும். காற்றே இல்லாவிட்டால் பயணம் 3 மணி 9 நிமிடத்தில் முடிந்திருக்கும். போகும்போது கொடுத்ததைக் காற்று வரும்போது வட்டியோடு பிடுங்கிக்கொள்கிறது. காரணம் எளிது: எதிர்காற்றில் விமானம் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறது.

பரீட்சையில் பிசகினால் மார்க் போகும். ஆகாயத்தில் பிசகினால் உயிர் போகும். 1947 ஆகஸ்டு 2-ந் தேதி 'ஸ்டார் டஸ்ட்' என்ற பிரிட்டிஷ் விமானம் 11 பேருடன் அர்ஜென்டினாவின் போனஸ் அயர்ஸிலிருந்து சிலி நாட்டின் சாண்டியாகோவுக்கு, மேற்கு நோக்கிப் புறப்பட்டது. நடுவே ஆண்டீஸ் மலை. கீழே மேகம், தரை தெரியவில்லை. பறந்த நேரத்தை வைத்தே தூரத்தைக் கணக்கிட வேண்டிய நிலை. அத்தனை உயரத்தில் வீசும் பலத்த மேற்குக் காற்றைப் பற்றி அந்நாளில் விமானிகளுக்கு அதிகம் தெரியாது. மலையைத் தாண்டிவிட்டோம் என்று நம்பி விமானத்தைக் கீழே இறக்கியிருக்க வேண்டும் என்பதே நிபுணர்கள் கருத்து. 5.45-க்கு வந்து சேருவோம் என்று 5.41-க்குச் செய்தி அனுப்பினார்கள். விமானம் அப்போது சாண்டியாகோவிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி, துப்புன்காட்டோ மலையருகே இருந்தது. அங்கே பனியில் மோதிப் புதைந்தது, ஒருவரும் பிழைக்கவில்லை. 1998-ல்தான் மலையேறிகள் இருவர் கண்ணில் அதன் சிதைவுகள் பட்டன.

பழகிப் பார்க்க ஒரு கணக்கு: ஒரு படகு ஆற்றோடு 36 கிலோமீட்டரை 2 மணியில் கடக்கிறது, அதே தூரம் எதிர்த்துத் திரும்ப 3 மணி ஆகிறது. படகின் வேகம், ஆற்றின் வேகம், போகவர சராசரி வேகம் என்ன?

(விடை: 15, 3, 14.4 கிலோமீட்டர்.)