கணக்கை விடுமுன் யோசியுங்கள்

பதினொன்றாம் வகுப்பு தொடங்கிய சில வாரங்களிலேயே, ‘கணக்கு வரல, குரூப் மாத்திக்கிறேன்’ என்ற குரல் நம் சேரிப் பிள்ளைகளிடமிருந்து வருகிறது. ‘உங்களுக்கெல்லாம் எதுக்கு ஃபர்ஸ்ட் குரூப்?’ என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். பிள்ளையின் விருப்பத்தையும் அடுத்தவரின் ஏளனத்தையும் நாம் குழப்பிக்கொள்ளக் கூடாது.

வணிகவியலிலோ வரலாற்றிலோ உண்மையான ஆர்வம் இருந்தால் தாராளமாக மாறலாம். அதில் ஒரு தாழ்வும் இல்லை. பயத்தால் விட்டால்தான் இழப்பு. பொறியியல் கலந்தாய்வுக்குக் கணக்கிடும் 200 மதிப்பெண்ணில் 100 கணக்குப் பாடத்துக்கு உரியது. பொறியியலில் பட்டியல் இனத்தாருக்கான 18 விழுக்காடு, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு இரண்டுமே, கணக்கை விட்டவருக்குப் பெரும்பாலும் எட்டாமல் போய்விடும்.

தடுமாறுகிற பலருக்குச் சிக்கல் இருப்பது ஒன்பது, பத்தாம் வகுப்பு இயற்கணிதத்தில். குரூப் மாறக் கடைசி நாள் எது என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். அதுவரை தினம் ஒரு மணி நேரம் பழைய புத்தகத்தை எடுத்துப் போட்டுப் பாருங்கள். விடுதியிலோ தெருவிலோ பன்னிரண்டாம் வகுப்பு அண்ணன், அக்காவிடம் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

அம்பேத்கர் பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க விரும்பினார். தீண்டாமை அதை மறுத்ததால் பாரசீகம் எடுத்தார். பின்னாளில் சமஸ்கிருதத்தைத் தாமே முயன்று கற்றார். அவருக்கு மறுக்கப்பட்ட தேர்வுரிமை இன்று நம் பிள்ளைகள் கையில் இருக்கிறது. படிப்பதோ விடுவதோ, முடிவு அவர்களுடையதாக இருக்கட்டும்.