வன்தட்டை மாற்றும் முறை

நம் புதுவையில் 1955-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் சைவ ஓலைச்சுவடிகள், 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றன. ஓலை நையுமுன் வேறோலையில் படியெடுத்து வைத்த முன்னோரின் விழிப்பினாலேயே அந்நூல்கள் பிழைத்தன. வீட்டுக் கணிப்பொறியின் வன்தட்டுக்கும் இதுவே விதி. ஓலைக்காவது நூற்றாண்டுகள் ஆயுள். தட்டுக்குச் சில ஆண்டுகளே. நிமிடத்திற்கு 7200 முறை வரை சுழலும் அதன்மேல், மயிரிழையினும் பன்மடங்கு நுண்ணிய இடைவெளியில் காந்தமுனை மிதந்து செல்கிறது. ‘டக், டக்’ என்ற ஒலி கேட்டால் நாளை என்று தள்ளாதீர்.

மின் இணைப்பைப் பிடுங்கி, பெட்டியின் வெற்று உலோகத்தைத் தொட்டு உடலின் நிலைமின்சாரத்தைப் போக்குங்கள். பழைய தட்டின் அருகிலேயே புதியதைத் திருகாணியிட்டுப் பொருத்துங்கள். அகன்ற இணைப்பு மின்சாரத்துக்கு, குறுகியது செய்திக்கு. இரண்டும் ஒரு பக்கமாகவே நுழையும். வலிந்து திணிக்க வேண்டா. பின்னர்ப் புதிய தட்டைப் பதிவுக்கு ஏற்ப ஒழுங்கமைக்க வேண்டும்.

இங்கேதான் நான் தவறினேன். திரையில் இரு தட்டுகள் தெரிந்தன. அவசரத்தில் பழையதைத் தேர்ந்து அழித்துவிட்டேன். மறைந்த என் தமையனாரின் குரற்பதிவு அதில் இருந்தது. வேறு படி இல்லை. தட்டின்மேல் ஒட்டிய சீட்டில் பெயரும் கொள்ளளவும் அச்சிட்டிருக்கும். பெட்டியை மூடுமுன் அவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு, திரையோடு ஒப்பிட்ட பின்னரே பொத்தானை அழுத்துங்கள். படியெடுத்து, சில கோப்புகளைத் திறந்து பார்த்த பிறகு பழையதைக் கழற்றலாம்.