பேராலயப் பகுதியின் கற்கள்

ஸ்பெயின் நாட்டின் வடகிழக்கில், மத்தியதரைக் கடலின் கரையில் அமைந்த பெருநகரம் பார்சிலோனா. அதன் பழைய நகர்ப்பகுதியின் நடுவே பேராலயம் ஒன்று உயர்ந்து நிற்கிறது. ஆயரின் இருக்கை அமைந்த தலைமைத் தேவாலயத்தைப் பேராலயம் என்பர். அதனைச் சூழ்ந்து குறுகிய தெருக்களும் கல்மாளிகைகளும் சிறு சதுக்கங்களும் உள்ளன. முன்னர்ப் ‘பேராலயப் பகுதி’ என வழங்கப்பட்ட இவ்விடம், இருபதாம் நூற்றாண்டில் ‘கோதிக் பகுதி’ எனப் பெயர் பெற்றது. கூர்முனை வளைவுகளும் வானளாவும் கோபுரங்களும் கொண்ட இடைக்கால ஐரோப்பியக் கட்டடக்கலையே கோதிக் கலை ஆகும். இங்கு வருவோர் பலர், அறுநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட நகரம் சிறிதும் மாறாமல் நிற்பதாக எண்ணி வியக்கின்றனர். அவ்வெண்ணம் ஓரளவே உண்மை. இங்குள்ள கற்களில் எவை பழையவை, எவை பின்னர் வந்தவை என்பதை இப்பாடத்தில் அறிவோம்.

உரோமானியர் அமைத்த ஊர்

ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன், பேரரசர் அகஸ்டஸ் காலத்தில், உரோமானியர் இங்கிருந்த சிறு குன்றின்மேல் ‘பார்சினோ’ என்னும் ஊரை நிறுவினர். அகஸ்டசுக்காக அவர்கள் எழுப்பிய கோயிலின் நான்கு தூண்கள் இன்றும் நிற்கின்றன. ஏறத்தாழ 9 மீட்டர் உயரமுடைய அத்தூண்களைத் தெருவில் நின்று காண இயலாது. பிற்காலக் கட்டடம் ஒன்றன் முற்றத்திற்குள் அவை மறைந்துள்ளன. நான்காம் நூற்றாண்டில் வலுப்படுத்தப்பட்ட மதிலின் பகுதிகளும் பேராலயத்தின் அருகே எஞ்சியுள்ளன.

பழைய ஆலயம், புதிய முகப்பு

முன்பிருந்த ஆலயத்தின் இடத்தில் இன்றைய பேராலயத்தைக் கட்டும் பணி 1298 ஆம் ஆண்டு தொடங்கியது. ஏறத்தாழ 150 ஆண்டுகளில் பெரும்பகுதி முடிந்தபோதும் முகப்பு மட்டும் எளிய சுவராகவே இருந்தது. 1408 ஆம் ஆண்டில் முகப்புக்கான வரைபடம் ஒன்று தோலில் தீட்டப்பட்டது. எனினும் அது கட்டடமாகவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், மனுவேல் ஜிரோனா என்னும் செல்வர் பொருளுதவி செய்ய, அவ்வரைபடத்தைத் தழுவி முகப்பு எழுப்பப்பட்டது. நடுக்கோபுரம் 1913 ஆம் ஆண்டில் நிறைவுற்றது. பேராலயத்தில் மிகப் பழையதாகத் தோன்றும் முகப்பே, உண்மையில் அதன் மிகப் புதிய பகுதிகளுள் ஒன்றாகும்.

இடம் மாறிய இல்லம்

1908 ஆம் ஆண்டில், துறைமுகத்தையும் நகரின் புதிய பகுதியையும் இணைக்கும் அகன்ற சாலைக்கான பணி தொடங்கியது. பழைய வீடுகள் பல இடிக்கப்பட்டன. அங்கு வாழ்ந்தோர் வேறிடம் தேட நேர்ந்தது. அழகு மிக்க சில மாளிகைகள் மட்டும் கல் கல்லாகப் பிரிக்கப்பட்டு, வேறிடத்தில் மீண்டும் அடுக்கப்பட்டன. ‘பதெய்யாஸ் இல்லம்’ என்னும் மாளிகை அவற்றுள் ஒன்று. 1931 ஆம் ஆண்டில் அதனை அரசர் சதுக்கத்தில் நிறுவுவதற்காக அடித்தளம் தோண்டினர். அப்போது மண்ணுக்குள் பார்சினோ நகரின் எச்சங்கள் வெளிப்பட்டன. தெருக்கள், துணிகளுக்குச் சாயமேற்றும் பட்டறைகள், மீனை உப்பிட்டுப் பதப்படுத்திய தொட்டிகள், திராட்சை மது செய்த கூடங்கள் ஆகியன அங்கே இருந்தன. இடம்பெயர்ந்து வந்த வீடு, தான் நின்ற மண்ணின் பழமையை நகரத்தாருக்கு அறிவித்தது எனலாம். இன்று அவ்வில்லம் நகர வரலாற்று அருங்காட்சியகமாக விளங்குகிறது.

அக்காலத்தில் புதிதாகக் கட்டியவையும் உண்டு. தெருவின் மேலே இரு கட்டடங்களை இணைத்து நிற்கும் ‘ஆயர் தெருப் பாலம்’ பயணிகள் விரும்பிப் படமெடுக்கும் இடமாகும். இடைக்காலத்தது போலத் தோன்றும் அப்பாலம் 1928 ஆம் ஆண்டில் கட்டப்பட்டது.

மறைக்கப்பட்ட கற்கள்

பேராலயத்தின் அருகே இடைக்காலத்தில் யூதர் குடியிருப்பு ஒன்று இருந்தது. 1391 ஆம் ஆண்டில் அது தாக்கப்பட்டது. பலர் கொல்லப்பட்டனர். பலர் அஞ்சி மதம் மாறினர். நகருக்கு வெளியே குன்றின்மேல் இருந்த அவர்களின் கல்லறைக் கற்கள் பின்னர்க் கட்டடப் பணிக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன. அரசர் சதுக்கத்தை அடுத்துள்ள மாளிகைச் சுவரில் எபிரேய எழுத்துகள் பொறித்த கற்களை இன்றும் காணலாம். இறந்தோரின் பெயரைக் காக்க வைத்த கல், பெயரறியாச் சுவர்க்கல்லாகியது.

புனித பிலிப்பு நேரி சதுக்கத்தில் வேறொரு சுவர் உண்டு. ஸ்பெயினின் உள்நாட்டுப் போரின்போது, 1938 ஜனவரி 30 அன்று, அங்குள்ள ஆலயத்தின் அருகே வானூர்திகள் குண்டு வீசின. அடித்தளத்தில் அடைக்கலம் புகுந்திருந்த சிறுவர்கள் உள்ளிட்ட 42 பேர் இறந்தனர். இறந்தவருள் பெரும்பாலோர் சிறுவர்களே. ஆலயச் சுவரில் குண்டுச் சிதறல்கள் ஏற்படுத்திய குழிகள் இன்றளவும் பூசப்படாமல் விடப்பட்டுள்ளன. அச்சதுக்கத்தைச் சூழ்ந்த அழகிய மாளிகைகளுள் சில, பிற இடங்களிலிருந்து பின்னர்க் கொண்டுவரப்பட்டவை. வந்த கற்கள் அழகைக் காட்டுகின்றன. நின்ற கற்கள் நடந்ததைக் காட்டுகின்றன.

எதைக் காப்பது?

பேராலயப் பகுதி போலியானது என்று கூறுதல் பொருந்தாது. உரோமானியர் தூண்களும் இடைக்கால ஆலயமும் மெய்யானவையே. இடம் மாறிய மாளிகைகளின் கற்களும் பழையனவே. ஆயினும் எதைக் காப்பது, எதை இடிப்பது, எதைப் புதிதாகச் சேர்ப்பது என்பதைத் தேர்ந்தவர்கள் மனிதர்கள். மாளிகைகள் காக்கப்பட்டன, எளியோர் வீடுகள் மறைந்தன. ஆகவே பழைய இடம் ஒன்றைக் காணும்போது, ‘இது எவ்வளவு பழையது?’ என்று மட்டும் கேட்டல் போதாது. ‘இதனைக் காத்தவர் யார்? இங்கிருந்து நீங்கியவர் யார்?’ என்றும் கேட்டல் வேண்டும்.

சிந்தித்து எழுதுக

1. பேராலயத்தின் முகப்பு அதன் மற்றப் பகுதிகளினும் புதியது என்பதை ஆண்டுகளைக் காட்டி விளக்குக.
2. பதெய்யாஸ் இல்லம் இடம் மாறியதால் விளைந்த நன்மை யாது?
3. புனித பிலிப்பு நேரி ஆலயச் சுவரைப் பூசிச் சீராக்குதல் தகுமா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
4. நீங்கள் வாழும் நகரிலுள்ள பழைய தெரு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அங்கே முன்பு வாழ்ந்தோர் யாவர் என்பதைப் பெரியோரிடம் கேட்டு எழுதுக.