எந்தப் பதிப்புக்கு எந்தக் கையேடு?

மென்பொருளின் மூல நிரலில் நிகழும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவுசெய்து காக்கும் கிட் என்னும் கருவி சென்ற பகுதியில் விளக்கப்பட்டது. நிரலைப் போலவே அதன் பயன்பாட்டுக் கையேட்டையும் பதிப்பு வாரியாக இணையத்தில் வெளியிடும் முறையை இப்பகுதி ஆராய்கிறது.

தாம்பரத்தை அடுத்த குரோம்பேட்டையில், எம்.ஐ.டி. வளாகத்தில் இயங்கும் ஏ.யூ.-கே.பி.சி. ஆய்வு மையமும் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையமும் 2005-இல் நடுவண் அரசின் ஆதரவோடு கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைத் தொடங்கின. அம்முயற்சியின் வழியே டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவான பாஸ் லினக்ஸ் இயங்குதளம், தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் சேர்ந்து மாணவர் கைகளை அடைந்தது. லினக்ஸ் கணினிகளில் பரவலாக இருந்த க்னோம் என்னும் திரைமுகப்பு, தன் 3-ஆம் பதிப்பில் பட்டிகளின் அமைப்பை அடியோடு மாற்றிக்கொண்டதும் அதே 2011-இல்தான். ஒரு பள்ளியின் கணினி பழைய முகப்பிலேயே ஆண்டுக்கணக்கில் இயங்க, அடுத்த பள்ளியின் கணினி புதிய முகப்புடன் வந்து சேரும் சூழலில், ஒரே கையேடு இரு பள்ளிகளுக்கும் வழிகாட்ட இயலாது.

இத்தேவையை நிறைவேற்றும் இணையச் சேவைகளுள் முதன்மையானது, 2010-இல் எரிக் ஹோல்ஷர் உள்ளிட்ட மூவர் உருவாக்கிய ரீட் தி டாக்ஸ் ஆகும். கையேட்டின் எளிய உரைக்கோப்புகள் நிரலோடு ஒரே கிட் களஞ்சியத்தில் வைக்கப்படுகின்றன. அங்கு மாற்றம் பதிவேற்றப்பட்டதும் சேவைக்குத் தானாகவே செய்தி செல்ல, அது கோப்புகளைப் பெற்று, ஸ்பிங்ஸ் போன்ற ஆவண உருவாக்கியின் துணையால் இணையப் பக்கங்களாக மாற்றி வெளியிடுகிறது. பைத்தான் மொழியின் ஆவணங்களுக்காக கியோர்க் பிராண்டல் எழுதிய ஸ்பிங்ஸ் 2008-இல் வெளிவந்தது. திறமூலத் திட்டங்களுக்கு இச்சேவை கட்டணமின்றிக் கிடைக்கிறது. அப்பக்கங்களில் இடம்பெறும் விளம்பரங்கள் செலவை ஈடுசெய்யத் துணைபுரிகின்றன.

வளர்ந்துவரும் நிரலின் முதன்மைக் கிளையிலிருந்து உருவாகும் கையேடு 'லேட்டஸ்ட்' என்னும் முகவரியில் அமைகிறது. வெளியீட்டின்போது 2.1.0 என்பது போன்ற எண்ணுடன் களஞ்சியத்தில் இடப்படும் அடையாளம் 'டேக்' எனப்படும்; முன்னோட்ட வெளியீடுகள் நீங்கலாக, அவற்றுள் மிக உயர்ந்த எண்ணுக்குரிய கையேட்டை 'ஸ்டேபிள்' என்னும் முகவரி தானாகவே சுட்டுகிறது. பழைய பதிப்புகளை நிர்வாகப் பக்கத்தில் செயலில் வைத்திருந்தால், அவையும் தத்தம் முகவரியில் நிலைபெற்று, பக்கத்திலுள்ள பதிப்புப் பட்டியலில் வாசகருக்குக் கிடைக்கின்றன.

இந்த ஏற்பாட்டின் பயன் வெளியிடுவோரின் ஒழுங்கைப் பொறுத்ததாகும். புதிய வெளியீட்டுக்கு டேக் இட மறந்தால், 'ஸ்டேபிள்' பழைய கையேட்டிலேயே நின்றுவிடும். வாசகர் வேறு வழியின்றி 'லேட்டஸ்ட்' பக்கத்தை நாடி, இன்னும் வெளிவராத வசதியைத் தம் கணினியில் தேட நேரும். பழைய பதிப்பை நீக்கிவிட்டால், அதைப் பயன்படுத்துவோர் வழிகாட்டியே இல்லாதவராவர். ஆகவே அதை நீக்காமல், இது பழையது என்ற அறிவிப்பைப் பக்கத்தின் மேலே இடுவதே முறை. தமிழாக்கத்தையும் தனித் திட்டமாக அமைத்து மூலத்துடன் இணைக்கலாம் என்பதால், தமிழ்க் கையேட்டுக்கும் இதே பதிப்பொழுங்கு கிடைக்கும்.

குரோம்பேட்டை முதல் கூடுவாஞ்சேரி வரையுள்ள பொறியியல் கல்லூரிகளின் மாணவர்கள், இறுதியாண்டுத் திட்டத்தின் நிரலுக்கு டேக் இடும் நாளிலேயே அதன் கையேட்டையும் எழுதி முடித்திருப்பார்களாயின், அவர்கள் கல்லூரியை விட்டுச் சென்ற பின்னும் அம்மென்பொருள் பிறருக்குப் பயன்படும்.